மதிலும் மரக்கோபுரமும்

செங்கல்லை எண்ணிய மக்கள்

குளிர்காலம். நள்ளிரவு. மழை கொட்டுகிறது. காற்று சுழற்றி அடிக்கிறது. வானத்தில் நிலா இல்லை.

பிளாட்டேயா என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரை எதிரிகள் வளைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. ஊருக்குள் தானியம் தீர்ந்துகொண்டு வருகிறது. வெளியிலிருந்து உதவி வரும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

அந்த இருட்டில் 220 பேர் வரை ஊரை விட்டுப் புறப்படுகிறார்கள். அவர்கள் கையில் ஏணிகள் இருக்கின்றன. இடது காலில் மட்டும் செருப்பு. வலது கால் வெறுங்கால். சேற்றில் வழுக்கக் கூடாது அல்லவா? ஒருவர் ஆயுதம் இன்னொருவர் ஆயுதத்தில் பட்டால் சத்தம் வரும். அதனால் விலகி விலகி நடக்கிறார்கள்.

எதிரிகள் ஊரைச் சுற்றி ஒரு சுவர் கட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் ஏணியைச் சாய்க்கிறார்கள். ஏணி மிக நீளமாகவும் இல்லை. குட்டையாகவும் இல்லை. சுவருக்குச் சரியாக இருக்கிறது.

சுவரின் உயரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பக்கத்தில் போய் அளக்க முடியாது. போனால் அம்பு பாயும். அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுவரில் ஒரு பகுதி பூசப்படாமல் இருந்தது. செங்கல் வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. ஊருக்குள் இருந்தபடியே அந்த வரிசைகளை எண்ணினார்கள்.

ஒருவர் மட்டும் எண்ணவில்லை. பலர் எண்ணினார்கள். பல முறை எண்ணினார்கள். ஒருவர் எண்ணினால் தப்பு வரலாம். பலர் எண்ணும்போது பெரும்பாலோர் சொல்லும் எண் சரியாக இருக்கும் அல்லவா? ஒரு செங்கல்லின் கனம் அவர்களுக்குத் தெரியும். கனத்தை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினார்கள். உயரம் கிடைத்துவிட்டது. அதற்கு ஏற்றபடி ஏணி செய்தார்கள்.

சுவர்மேல் ஏறும்போது ஒருவர் கை பட்டு ஓர் ஓடு விழுந்தது. காவலர்கள் கூச்சல் போட்டார்கள். உடனே ஊருக்குள் இருந்தவர்கள் மறுபக்கத்தில் வெளியே வந்து சண்டைக்குப் போவதுபோல் பாசாங்கு செய்தார்கள். காவலர்கள் குழம்பிப் போனார்கள். அந்த நேரத்தில் 212 பேர் தப்பிவிட்டார்கள். ஏதென்ஸ் நகரம் போய்ச் சேர்ந்தார்கள்.

இது கதை அல்ல. உண்மையில் நடந்தது. துசிடிடீஸ் என்ற கிரேக்க வரலாற்று ஆசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் அதே காலத்தில் வாழ்ந்தவர்.

எங்கே? எப்போது?

கிரேக்க நாடு ஐரோப்பாவில் இருக்கிறது. மலையும் கடலும் தீவுகளும் நிறைந்த நாடு. பழைய காலத்தில் அது ஒரே அரசாக இல்லை. ஒவ்வொரு நகரமும் ஒரு தனி அரசு. ஏதென்ஸ் ஓர் அரசு. ஸ்பார்ட்டா ஓர் அரசு. தீப்ஸ் ஓர் அரசு. அவர்களுக்குள் அடிக்கடி சண்டை வரும். அதனால் நகரங்கள் தம்மைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டன.

பிளாட்டேயா முற்றுகை கி.மு. 429-இல் தொடங்கியது. கி.மு. என்றால் கிறிஸ்து பிறப்பதற்கு முன் என்று பொருள். கி.மு. கணக்கில் எண் குறையக் குறைய நம் காலத்துக்குக் கிட்டே வருகிறோம். கி.மு. 429-க்குப் பிறகு வருவது கி.மு. 428. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றுகை என்றால் என்ன? ஊரைச் சுற்றி வளைத்துக்கொள்வது. உள்ளே யாரும் போகக் கூடாது. வெளியே யாரும் வரக் கூடாது. உணவு போகக் கூடாது. இப்படிச் செய்தால் ஊர் என்றாவது ஒரு நாள் பணியும்.

பிளாட்டேயாவை ஸ்பார்ட்டாவின் படை வளைத்தது. ஊருக்குள் 400 பிளாட்டேயர்கள் இருந்தார்கள். உதவிக்கு வந்த ஏதென்ஸ்காரர்கள் 80 பேர். ரொட்டி சுட்டுப் போட 110 பெண்கள். முதியவர்களையும் குழந்தைகளையும் மற்றப் பெண்களையும் முன்னதாகவே ஏதென்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எதிரிகள் மதிலுக்கு எதிரே ஒரு மண்மேடு போட்டார்கள். மேடு மதில் அளவு உயர்ந்தால் அதன்மேல் நடந்தே ஊருக்குள் வந்துவிடலாம். 70 நாள் இரவும் பகலும் மண் கொட்டினார்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மதிலின்மேல் மரச்சட்டம் அடித்து, அதற்குள் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். மரத்தில் தீப் பிடிக்காமல் இருக்கத் தோலால் மூடினார்கள். மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். அது மண்மேட்டின் அடிக்குப் போனது. அங்கிருந்து மண்ணை வாரி வாரி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். எதிரிகள் மேலே கொட்டக் கொட்ட மேடு கீழே இறங்கிக்கொண்டே இருந்தது!

மதிலை இடிக்க எதிரிகள் உத்தரங்களைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் மேலிருந்து சுருக்குக் கயிறு போட்டு அவற்றைத் தூக்கினார்கள். பெரிய கட்டைகளைச் சங்கிலியில் கட்டி, சட்டென்று கீழே விட்டு, உத்தரத்தின் முனையை முறித்தார்கள்.

கடைசியில் எதிரிகள் ஊரைச் சுற்றிச் சுவர் கட்டினார்கள். பட்டினி போடுவது என்று காத்திருந்தார்கள்.

212 பேர் தப்பினார்கள். மற்றவர்கள்? கி.மு. 427-இல் பசி தாங்காமல் சரணடைந்தார்கள். ஸ்பார்ட்டாவின் நீதிபதிகள் ஒவ்வொருவரையும் அழைத்து ஒரே கேள்வி கேட்டார்கள். "இந்தப் போரில் ஸ்பார்ட்டாவுக்கு நீ ஏதாவது நன்மை செய்தாயா?" இல்லை என்றுதானே சொல்ல முடியும்? இல்லை என்று சொன்னவர்களைக் கொன்றார்கள். பிளாட்டேயர்கள் 200 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஏதென்ஸ்காரர்கள் 25 பேர் இறந்தார்கள். ரொட்டி சுட்ட பெண்களை அடிமைகளாக்கினார்கள்.

மதில் விழுந்தால், அல்லது உணவு தீர்ந்தால், ஒரு ஊருக்கு இதுதான் கதி. அந்தக் காலத்து மக்கள் மதிலுக்காக உயிரைக் கொடுத்துப் போராடியது இதனால்தான்.

கிடாவும் ஆமையும்

மதிலை உடைக்கக் கிரேக்கர்கள் என்னென்ன கருவிகள் வைத்திருந்தார்கள்?

ஒன்று கிடா. ஆட்டுக்கிடா எப்படி முட்டும்? பின்னால் போய், வேகமாக வந்து முட்டும். அதே வேலையைச் செய்யும் மரம் இது. நீண்ட உத்தரம். முனையில் உலோகப் பூண். பலர் சேர்ந்து முன்னும் பின்னும் ஆட்டி மதிலில் இடிப்பார்கள். கிரேக்கர்களும் இதைக் கிடா என்றே அழைத்தார்கள்.

இடிப்பவர்களின் தலையில் மேலிருந்து கல் விழும். நெருப்பு விழும். அதனால் சக்கரம் வைத்த ஒரு கொட்டகை செய்தார்கள். மேலே கனமான மரக்கூரை. அதன்மேல் ஈரத்தோல். அந்தக் கூரைக்கு அடியில் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். ஆமை ஓட்டுக்குள் இருப்பதுபோல் இருப்பார்கள். அதனால் அதன் பெயர் ஆமை.

மூன்றாவது மரக்கோபுரம். இதற்கும் சக்கரம் உண்டு. பல மாடிகள் உண்டு. மதிலைவிட உயரமாக இருக்கும். தள்ளிக்கொண்டு போய் மதிலோடு சேர்ப்பார்கள். மேல் மாடியில் இருப்பவர்கள் மதில்மேல் நிற்பவர்களை அம்பால் அடிப்பார்கள். பிறகு பலகை போட்டு மதிலுக்குத் தாண்டுவார்கள்.

இத்தாலிக்குப் பக்கத்தில் சிசிலி என்ற தீவு இருக்கிறது. அங்கே சிராக்கூஸ் என்ற கிரேக்க நகரம் இருந்தது. அதை டயோனீசியஸ் என்பவர் ஆண்டார். கி.மு. 399-இல் அவர் பல ஊர்களிலிருந்து தச்சர்களையும் கொல்லர்களையும் வரவழைத்தார். நல்ல கூலி கொடுத்தார். திறமையாகச் செய்தவர்களுக்குப் பரிசும் கொடுத்தார். வீசும் பொறி அங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது என்று பழைய நூல் சொல்கிறது. கி.மு. 397-இல் அவர் மோட்யா என்ற தீவு ஊரைத் தாக்கினார். அப்போது ஆறு மாடி மரக்கோபுரங்கள் சக்கரத்தில் உருண்டு வந்தன. மோட்யா விழுந்தது.

முறுக்கிய கயிற்றின் பலம்

வீசும் பொறி எப்படி வேலை செய்தது?

முதலில் அது ஒரு பெரிய வில். சாதாரண வில்லைக் கையால் இழுக்கலாம். கையால் இழுக்க முடியாத அளவு விறைப்பான வில்லுக்கு என்ன செய்வது? ஒரு கட்டையில் வில்லைப் பொருத்தினார்கள். கட்டையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றினார்கள். மறுமுனையை வயிற்றால் அழுத்தினார்கள். உடம்பின் எடை முழுவதும் இறங்கியது. நாண் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. விடுவித்தால் அம்பு வெகுதூரம் பாயும்.

பிறகு இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். வண்டியில் வைக்கோல் பாரம் ஏற்றிக் கயிறு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்குவார்கள். முறுக்க முறுக்கக் கயிறு இறுகும். கை நழுவினால் தடி படாரென்று திரும்பி அடிக்கும். அந்தத் தடிக்கு அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? முறுக்கிய கயிற்றில் இருந்து வந்தது.

கிரேக்கர்கள் இதையே பெரிதாகச் செய்தார்கள். மாட்டு நரம்பையும் முடியையும் கயிறாகத் திரித்தார்கள். அந்தக் கயிறுகளைக் கற்றை கற்றையாக ஒரு மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டினார்கள். இடப்பக்கம் ஒரு கற்றை. வலப்பக்கம் ஒரு கற்றை. ஒவ்வொரு கற்றையிலும் ஒரு தடி. இரண்டு தடிகளையும் இணைத்து ஒரு நாண். நாணைப் பின்னால் இழுக்க ஓர் உருளை. கற்றை பருமனாக ஆக ஆக, வீசும் கல்லும் பெரிதாகும்.

மிகப் பெரிய பொறி ஏறக்குறைய 78 கிலோ கல்லை வீசியது. ஒரு மூட்டை நெல்லைத் தூக்கி மதில்மேல் எறிவதாக நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட பொறிகளைத்தான் அலெக்சாண்டரின் படை பயன்படுத்தியது. கி.மு. 332-இல் அவர் டைர் என்ற தீவு நகரத்தை ஏழு மாதம் முற்றுகையிட்டார். தீவுக்குப் போகக் கடலில் கல்லும் மண்ணும் மரமும் கொட்டிப் பாதை போட்டார். பாதையின் முனையில் இரண்டு மரக்கோபுரங்கள் நிறுத்தினார். டைர் மக்கள் ஒரு கப்பலில் எரியும் பொருள்களை நிரப்பித் தீ வைத்து அந்தக் கோபுரங்கள்மேல் மோதவிட்டார்கள். இரண்டும் எரிந்தன. ஆனாலும் அலெக்சாண்டர் விடவில்லை. கடைசியில் டைர் விழுந்தது. அவர் போட்ட பாதையைச் சுற்றி மணல் சேர்ந்தது. அதனால் இன்றைக்கு அந்த ஊர் தீவாக இல்லை. லெபனான் நாட்டின் கரையோடு ஒட்டியிருக்கிறது.

ரோட்ஸ் தீவு

அலெக்சாண்டர் கி.மு. 323-இல் இறந்தார். அவருடைய தளபதிகள் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிறகு தமக்குள் சண்டை போட்டார்கள். ஆண்டிகோனஸ் என்பவர் ஒருவர். எகிப்தை ஆண்ட தாலமி இன்னொருவர்.

ரோட்ஸ் ஒரு தீவு. அங்கே இருந்தவர்கள் வியாபாரிகள், மாலுமிகள். எகிப்தோடு அவர்களுக்கு நல்ல வியாபாரம். "தாலமிக்கு எதிராக என்னோடு சேருங்கள்" என்றார் ஆண்டிகோனஸ். ரோட்ஸ் மக்கள் சேரவில்லை.

கி.மு. 305-இல் ஆண்டிகோனஸ் தன் மகன் டெமெட்ரியஸை அனுப்பினார். டெமெட்ரியஸுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. 200 போர்க்கப்பல்கள் வந்தன. சுமை ஏற்றும் கப்பல்கள் 170-க்கு மேல் வந்தன. ஏறக்குறைய 40,000 படைவீரர்கள் வந்தார்கள்.

ரோட்ஸ் மக்கள் தங்களை எண்ணிப் பார்த்தார்கள். போர் செய்யக்கூடிய குடிமக்கள் 6,000 பேர். ஊரில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் 1,000 பேர்.

அவர்கள் கூடிப் பேசி முடிவுகள் எடுத்தார்கள். ஊரில் அடிமைகள் இருந்தார்கள். அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டில் மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமை இருந்தது. "துணிவோடு போராடும் அடிமைகளை ஊர்ப் பணத்தில் மீட்போம். அவர்களைக் குடிமக்கள் ஆக்குவோம்" என்று தீர்மானித்தார்கள். போரில் இறந்தவர்களுக்கு ஊர்ச் செலவில் மரியாதையாக அடக்கம். அவர்களுடைய பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஊர்ச் செலவில் சாப்பாடு. பெண்பிள்ளைகளின் கல்யாணச் செலவும் ஊரைச் சேர்ந்தது.

பணக்காரர்கள் பணம் கொடுத்தார்கள். கொல்லர்கள் ஆயுதம் செய்தார்கள். சிலர் பொறிகளைச் செப்பனிட்டார்கள். சிலர் மதிலுக்குக் கல் சுமந்தார்கள்.

ஊரைப் பிடிக்கும் கோபுரம்

டெமெட்ரியஸ் முதலில் துறைமுகத்தைத் தாக்கினார். கப்பல்மேல் கோபுரங்களை நிறுத்தி வந்தார். ரோட்ஸ் மக்கள் தீயாலும் கல்லாலும் எதிர்த்தார்கள். கடலில் புயலும் அடித்தது. துறைமுகம் கிடைக்கவில்லை.

பிறகு தரைவழியாகத் தாக்க முடிவு செய்தார். ஏதென்ஸைச் சேர்ந்த எபிமாக்கஸ் என்ற பொறியாளர் ஒரு மரக்கோபுரம் கட்டினார். அதுவரை யாரும் பார்க்காத அளவு பெரியது. அதன் பெயர் ஹெலெபோலிஸ். ஊரைப் பிடிப்பது என்று பொருள்.

கிரேக்கர்களும் நம்மைப்போல் முழக்கணக்கில் அளப்பார்கள். கோபுரத்தின் உயரத்தைப் பழைய ஆசிரியர்கள் ஆளுக்கு ஒருவிதமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் குறைந்த கணக்கே 66 முழம். அதாவது ஏறக்குறைய 100 அடி. கோயில் தேர் நிலையிலிருந்து புறப்பட்டு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர் முழுவதும் ஆயுதம் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது இது.

அதற்கு ஒன்பது மாடிகள். எட்டுச் சக்கரங்கள். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை. தீப் பிடிக்காமல் இருக்க மூன்று பக்கமும் இரும்புத் தகடு. ஒவ்வொரு மாடியிலும் சன்னல்கள். சன்னலுக்கு உள்ளே வீசும் பொறிகள். சன்னல் கதவு தோலால் ஆனது. அந்தத் தோலுக்குள் ஆட்டு மயிர் அடைத்திருந்தது. கல் வந்து விழுந்தாலும் அதன் வேகம் அடங்கிவிடும். இரண்டு படிக்கட்டுகள். ஒன்று ஏற. மற்றது இறங்க. அதனால் நெரிசல் கிடையாது.

இதைத் தள்ள 3,400 பேர். படையிலேயே பலசாலிகளாகப் பார்த்து எடுத்தார்கள். சிலர் கோபுரத்துக்கு உள்ளே நின்று தள்ளினார்கள். சிலர் பின்னால் நின்று தள்ளினார்கள். இதோடு இரண்டு பெரிய கிடாக்களும் வந்தன. ஒவ்வொன்றும் 120 முழ நீளம் என்று பழைய நூல் சொல்கிறது.

ஊருக்குள் நடந்தது

ஒரு நாள் எல்லாம் சேர்ந்து தாக்கின. ரோட்ஸின் மிக உறுதியான கல் கோபுரம் இடிந்து விழுந்தது. பக்கத்து மதிலும் நொறுங்கியது.

ஆனால் ஊர்க்காரர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். உள்ளே இன்னொரு மதில் கட்டியிருந்தார்கள். அதற்குக் கல் எங்கே கிடைத்தது? கூத்துப் பார்க்கும் அரங்கத்தை இடித்தார்கள். பக்கத்து வீடுகளை இடித்தார்கள். சில கோயில்களையும் இடித்தார்கள். "பிழைத்தால் இதைவிட நல்ல கோயில் கட்டுகிறோம்" என்று சாமியிடம் வேண்டிக்கொண்டார்கள்.

டெமெட்ரியஸ் சுரங்கமும் தோண்டினார். ஊர்க்காரர்களுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அவர்கள் எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். அதைக் காவல் காத்தவர் அத்தினாகோரஸ் என்ற கூலிப்படைத் தலைவர். வெளியூர்க்காரர். எதிரிகள் அவருக்கு லஞ்சம் பேசினார்கள். அவர் சம்மதிப்பதுபோல் நடித்தார். உடனே ஊர்ச் சபையில் போய்ச் சொல்லிவிட்டார். சுரங்கம் வழியாக வந்த எதிரித் தளபதி பிடிபட்டார். ஊர் அத்தினாகோரஸுக்குப் பொன்முடி சூட்டியது.

ரோட்ஸ் ஊரில் ஆண்டிகோனஸுக்கும் டெமெட்ரியஸுக்கும் சிலைகள் இருந்தன. நட்பாக இருந்த காலத்தில் வைத்தவை. "நம்மைக் கொல்ல வந்தவர்களுக்கு இங்கே சிலையா? இடித்துத் தள்ளுங்கள்" என்று சிலர் சொன்னார்கள். சபை மறுத்தது. வீட்டை இடித்த மக்கள் சிலையை இடிக்கவில்லை. இந்தப் பெருந்தன்மை மற்ற நாடுகளிலும் அவர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது.

இருட்டான ஓர் இரவில் ஊர்க்காரர்கள் எல்லாப் பொறிகளையும் மரக்கோபுரத்தின்மேல் திருப்பினார்கள். எரியும் அம்புகள் பறந்தன. இரும்புத் தகடுகள் சில கழன்று விழுந்தன. மரம் வெளியே தெரிந்தது. டெமெட்ரியஸ் பயந்துபோனார். தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தார்கள். எக்காளம் ஊதி ஆட்களைக் கூட்டினார்கள். கோபுரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் டெமெட்ரியஸ் ஒரு வேலை செய்தார். விழுந்து கிடந்தவற்றைப் பொறுக்கி எண்ணச் சொன்னார். எரியும் அம்புகள் 800-க்கு மேல். பொறியிலிருந்து வந்த மற்ற அம்புகள் 1,500-க்குக் குறையாமல். ஒரே இரவில் இவ்வளவு! ஊருக்குள் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

சேறு செய்த வேலை

விட்ருவியஸ் என்ற ரோமாபுரிப் பொறியாளர் இன்னொரு செய்தி எழுதியிருக்கிறார்.

ரோட்ஸில் தியோக்னெட்டஸ் என்ற பொறியாளர் இருந்தார். ஊர் அவருக்கு ஆண்டுதோறும் சம்பளம் கொடுத்தது. ஒரு நாள் காலியாஸ் என்ற வெளியூர்ப் பொறியாளர் வந்தார். ஒரு பொம்மை மதில் செய்து காட்டினார். அதன்மேல் சுழலும் ஒரு தூக்குமரம். மரக்கோபுரம் ஒன்று மதிலை நெருங்கியது. தூக்குமரம் அதைக் கவ்வித் தூக்கி ஊருக்குள் வைத்தது. எல்லாரும் வியந்தார்கள். தியோக்னெட்டஸின் சம்பளத்தை நிறுத்திக் காலியாஸுக்குக் கொடுத்தார்கள்.

பிறகு உண்மையான ஹெலெபோலிஸ் வந்தது. "தூக்குங்கள்" என்றார்கள். "முடியாது" என்றார் காலியாஸ்.

பொம்மையில் முடிந்தது உண்மையில் ஏன் முடியவில்லை? ஒரு செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்கு ஆக்குங்கள். எத்தனை செங்கல் வேண்டும்? இரண்டு அல்ல. எட்டு வேண்டும். அளவு இரண்டு மடங்கு ஆனால் எடை எட்டு மடங்கு ஆகிறது. அளவு பத்து மடங்கு ஆனால் எடை ஆயிரம் மடங்கு! பொம்மையைத் தூக்கிய மரத்தைப் பத்து மடங்கு பெரிதாகச் செய்தாலும், ஆயிரம் மடங்கு எடையை அது தாங்காது.

ஊரார் தியோக்னெட்டஸிடம் போனார்கள். அவர் முதலில் மறுத்தார். இளம்பெண்களும் இளைஞர்களும் பூசாரிகளும் வந்து கெஞ்சிய பிறகு ஒப்புக்கொண்டார்.

அவர் புதிய பொறி எதுவும் செய்யவில்லை. கோபுரம் வரப்போகும் இடத்தில் மதிலில் ஒரு துளை போட்டார். "ஊரில் உள்ள தண்ணீர், சாக்கடை, சேறு எல்லாவற்றையும் கொண்டுவந்து இதில் ஊற்றுங்கள்" என்றார். இரவெல்லாம் ஊற்றினார்கள். வெளியே தரை சதசதவென்று ஊறியது. மறுநாள் ஹெலெபோலிஸ் வந்தது. சேற்றில் இறங்கியது. முன்னாலும் போகவில்லை. பின்னாலும் போகவில்லை.

பாரம் ஏற்றிய வண்டி சேற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். எடை முழுவதும் சக்கரம் படும் இடத்தில் இறங்குகிறது. காய்ந்த தரை தாங்கும். ஊறிய தரை தாங்காது. கோபுரத்தின் பலமே அதற்குப் பகை ஆனது.

ஓர் ஆண்டுக்குப் பிறகு

இவ்வளவு நாளும் ஊர் எப்படிச் சாப்பிட்டது? டெமெட்ரியஸால் கடல்வழியை முழுவதும் அடைக்க முடியவில்லை. எகிப்திலிருந்து தாலமி கப்பல் கப்பலாகத் தானியம் அனுப்பினார். வேறு அரசர்களும் அனுப்பினார்கள். பிளாட்டேயாவுக்குக் கிடைக்காத உதவி ரோட்ஸுக்குக் கிடைத்தது.

டெமெட்ரியஸ் கடைசியாக ஒருமுறை முயன்றார். இரவில் 1,500 பேரை மதில் உடைந்த வழியாக உள்ளே அனுப்பினார். அவர்கள் அரங்கம் வரை வந்துவிட்டார்கள். ஊரில் அழுகுரல் கேட்டது. ஆனால் மதிலில் நின்றவர்கள் தம் இடத்தை விட்டு ஓடவில்லை. தனியாக ஒரு பகுதியினர் போய் உள்ளே வந்தவர்களை எதிர்த்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். பிடிபட்டார்கள். ஊர்ப்படையின் தலைவரும் இறந்தார்.

கி.மு. 304-இல் சமாதானம் ஆயிற்று. ரோட்ஸ் தன்னைத் தானே ஆளும். அதன் வருமானம் அதற்கே. ஆண்டிகோனஸுக்குப் போரில் உதவும். ஆனால் தாலமிக்கு எதிராகப் போகாது. 100 பேரைப் பிணையாக அனுப்ப வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. போருக்கு முன்பே இப்படிப் பேசியிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும்!

ஊர் தன் சொல்லைக் காப்பாற்றியது. துணிவோடு போராடிய அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தது. அவர்கள் குடிமக்கள் ஆனார்கள்.

டெமெட்ரியஸ் தன் முற்றுகைக் கருவிகளை விட்டுப் போனார். அவற்றை விற்ற பணத்தில் ரோட்ஸ் மக்கள் சூரியக் கடவுளுக்கு ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள் என்று பிளினி என்ற ரோமாபுரி ஆசிரியர் எழுதியிருக்கிறார். சிலையைச் செய்தவர் காரேஸ். உயரம் 70 முழம். செய்து முடிக்க 12 ஆண்டு ஆனது. பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் அதுவும் ஒன்று. கி.மு. 226 வாக்கில் நிலநடுக்கத்தில் அது விழுந்தது.

டெமெட்ரியஸுக்கு "நகரங்களை முற்றுகையிடுபவர்" என்ற பட்டப்பெயர் நிலைத்தது. கி.மு. 301-இல் இப்சஸ் என்ற இடத்தில் பெரிய போர் நடந்தது. அவர் குதிரைப்படையோடு வெகுதூரம் எதிரிகளைத் துரத்திப் போனார். திரும்பி வரும்போது யானைகள் வழியை மறித்தன. அவருடைய தந்தை போர்க்களத்தில் இறந்தார். அந்த யானைகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? நம் நாட்டிலிருந்துதான். செலூக்கஸ் என்ற அரசருக்குச் சந்திரகுப்த மௌரியர் 500 யானைகள் கொடுத்திருந்தார். ஹெலெபோலிஸ் கட்டியவரை இந்திய யானைகள் தடுத்து நிறுத்தின.

பேசிப் பாருங்கள்

1. பிளாட்டேயா மக்கள் சுவரின் உயரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உங்கள் வீட்டுச் சுவரின் உயரத்தை அதே வழியில் கண்டுபிடியுங்கள்.

2. இரண்டு ஊர்களில் ஒன்று அழிந்தது. மற்றொன்று பிழைத்தது. என்ன காரணம்?

3. அடிமைகளை விடுவிப்பது என்ற முடிவு ரோட்ஸுக்கு எப்படி உதவியது? ஆபத்து வராமலே அந்த முடிவை எடுத்திருக்கலாமா?

4. காலியாஸ் செய்து காட்டியதைப்போல், சிறிதாகச் செய்தால் நடப்பது, பெரிதாகச் செய்தால் நடக்காமல் போனதை நீங்கள் பார்த்ததுண்டா?